முந்திச் சொன்ன சாட்சி

கர்ட்டன் அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையே அவள் சபை நடுவில் எழுந்து நின்று சொன்ன ஒரு பொய்யைப் பற்றியதுதான். சொன்ன அன்றைக்கு அது பொய் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, மடிப்பு வைத்துத் தைத்து, கடைசியில் தானே ஏணி போட்டு ஏறித் திரையை மாட்டிவிட்டு வருவது அவள் தொழில். ஏணி உச்சியில் நின்றுகொண்டு, வாயில் நாலு கொக்கியைக் கடித்தபடி, கீழே நிற்கிற வீட்டுக்காரம்மாவோடு விலைவாசி பேசுவாள். அவளைப் போய்ப் பயந்தாங்கொள்ளி என்று யார் சொல்வார்கள்? ஆனால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. லிஃப்ட்.

அது பிறவிப் பயம் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டு மூட்டை வெல்வெட் துணியோடு லிஃப்டில் ஏறினாள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் கரண்ட் போனது. இருட்டில் தடுமாறியதில் ஒரு மூட்டை அவிழ்ந்து, கனத்த துணி காலைச் சுற்றிக்கொண்டது. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. வெளியே இழுத்தபோது யாரோ பேர் கேட்டார்கள். அவளுக்குச் சொந்தப் பேரே வாயில் வரவில்லை. அன்றோடு சரி. அதற்குப் பிறகு எத்தனை மாடியானாலும் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படி ஏறினாள். ரொம்ப உயரமான வீடாக இருந்தால், "கையில நிறைய வேலை இருக்கும்மா, வேற ஆளைப் பாருங்க" என்று நைசாகக் கழன்றுகொண்டாள்.

அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கிண்டலுக்குக் குறைச்சல் இல்லாத ஆள்.

"ஊர்ல எல்லாரும் மேல போறதுக்கு லிஃப்ட் வெச்சிருக்காங்க. நீ ஒருத்திதான் அதைச் சுத்திக்கிட்டுப் போறே" என்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவனும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் அவள் இதை வாய்விட்டுச் சொன்னாள். கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. ஊசி போட்ட காலத்துப் பழக்கம், எதையும் நறுக்கென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"உபவாசம் இருந்து கேப்போம். கேட்டுட்டா கெடைச்சாச்சுன்னு நம்பணும். மனசுக்குள்ள நம்பினா மட்டும் போதாது, வாயைத் திறந்து அறிக்கை பண்ணணும். சபையில எழுந்து சொல்லிடு. அப்பதான் அது நிக்கும்."

உபவாசம் இருந்தார்கள். அழுது ஜெபித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது அக்காவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பாட்டு முடிந்து, போதகர் "சாட்சி சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. நர்ஸம்மா மட்டும் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்தாள்.

"எனக்கு லிஃப்ட்னா ரொம்பப் பயம். ஆண்டவர் அந்தப் பயத்தை வேரோட எடுத்துப் போட்டுட்டார். இனிமே எனக்குப் பயமே கிடையாது."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவும் அதை முழு மனசோடுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை, ஆறாம் மாடியில் ஒரு படுக்கையறை ஜன்னல். அக்கா நேராக லிஃப்ட் முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அவள் கால் எழவில்லை. தரையோடு வைத்துத் தைத்துவிட்ட மாதிரி நின்றது. கதவு சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அக்கா மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். மூன்றாம் மாடி திருப்பத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

அன்று சாயங்காலம் கணவன் அவள் முட்டியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"நேத்து சாட்சி சொன்னது நீதானா, இல்ல உன்ன மாதிரி வேற யாராவதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எழுந்து உண்மையைச் சொல்லிடுறேன்."

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த வாய் ஒருமுறை திறந்துவிட்டால் லேசில் மூடவிடுவார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள்ளேயே லாரி ஓட்டுகிற ஒரு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆள் கதவுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும், அப்படி ஓர் உடம்பு. அவனுக்கு நாய் என்றால் பயமாம்.

"லாரிய நிறுத்திட்டு இறங்கினா போதும்க்கா, எங்கிருந்தோ ஒண்ணு வந்துடுது. உங்களுக்குப் பயத்தை எடுத்தவர் எனக்கும் எடுப்பார்ல? ஜெபம் பண்ணுங்க."

எப்படி மறுப்பது? அக்கா ஜெபம் செய்தாள். அடுத்த வாரமே அவன் சபை வாசலில் வழிமறித்து, "போயிடுச்சுக்கா! சுத்தமாப் போயிடுச்சு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். அக்காவுக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. ஆண்டவரே, நாயை எடுத்தீரே, என் லிஃப்டை எடுக்கக்கூடாதா என்று மனசுக்குள் சண்டை போட்டாள். பிறகு பரீட்சைக்குப் பயந்தவள் வந்தாள், பல் டாக்டருக்குப் பயந்தவர் வந்தார், மாமியாருக்குப் பயந்த ஒரு புதுப் பெண்ணும் வந்தாள். அந்த ஒன்றுக்கு மட்டும் அக்கா உறுதி எதுவும் கொடுக்கவில்லை. எல்லோரும் திரும்பி வந்து, பயம் போய்விட்டது, உங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கு விசுவாசம் வந்தது என்றார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்துக்கொண்டு அவள் படி ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் உண்மையைச் சொல்ல வாயெடுப்பாள், அவர்கள் முகத்தைப் பார்ப்பாள், வாய் மூடிக்கொள்ளும்.

இந்த நிலைமையில்தான் டிரில் மாஸ்டரின் மகள் வந்தாள்.

டிரில் மாஸ்டர் என்றால் சபையில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு நின்று அவர்களையெல்லாம் ஓடவிட்டவர் அவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாயிற்று. சபையில் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவார். சட்டைப் பையில் இன்னமும் அந்த விசில் இருக்கும். அக்காவின் கணவனும் அவர் விசிலுக்கு ஓடியவன்தான். அவர் பக்கத்தில் வந்தாலே அவனுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அக்கா திரைத்துணிக்கு மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு இருதயத்துல ஆபரேஷன் பண்ணணும். தியேட்டர் ஒன்பதாவது மாடியில. படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். ஆனா அப்பா லிஃப்ட்ல ஏற மாட்டேங்கிறார்."

"மாஸ்டரா?" அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடுறப்ப ஒரு பெரிய டிரங்குப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டாராம். அதுலேர்ந்து இப்படித்தான். ஒருத்தருக்கும் தெரியாது. போன மாசம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. லிஃப்ட் வாசல் வரைக்கும் வந்துட்டு, 'பெட்டிக்குள்ள ஒரு தடவதான் போவேன், அது சவப்பெட்டி'ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டார். கீழேயே மயக்கம் கொடுத்து ஏத்தலாமான்னு கேட்டேன், அவர் இருக்கிற நிலைமைக்குத் தியேட்டருக்கு வெளிய மயக்கம் கொடுக்கக் கூடாதுன்னாங்க, ஒன்பது மாடி தூக்கிட்டுப் போறதுக்கும் ஒத்துக்கல. புதன்கிழமைக்கு மறுபடி தேதி கொடுத்திருக்காங்க. இதையும் விட்டா உயிருக்கு நாங்க பொறுப்பில்லைன்னு சொல்லிட்டாங்கக்கா."

அடுத்து என்ன வரும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து அவராவே சொன்னார். 'அந்தக் கர்ட்டன்காரம்மா சாட்சி சொன்னாளே, அவ கூட வந்தா ஏறுறேன்'னு. வருவீங்களாக்கா?"

ஏறாவிட்டால் மாஸ்டர் உயிர் போகும். உண்மையைச் சொன்னால் அவர் ஏற மாட்டார். அக்கா, "வரேம்மா" என்றாள். சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட மடிப்பையே மறுபடியும் போட்டாள்.

கணவன் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

"என்ன செய்யப் போறே?"

"தெரியலீங்க. அவ்வளவு பேருக்கு ஜெபம் பண்ணினேன், எனக்குன்னு கேட்டா மட்டும் பதில் வர மாட்டேங்குது."

"நீ என்ன கேக்கறே?"

"பயத்தை எடுங்கன்னுதான்."

"வேன்ல முதல் நாள் ஏறுற குழந்தைங்க அழும். அழாதேன்னு சொன்னா எந்தக் குழந்தையும் நிறுத்தினதில்ல. பக்கத்து சீட்டுல உட்கார வெச்சுக்குவேன். அழுதுகிட்டே வரும், ஆனா வந்துடும்." இதைச் சொல்லிவிட்டு, பெரிதாக எதையோ சொல்லிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் எழுந்து போய்ப் பல் தேய்த்தான்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கூட்டம் அதிகமில்லை. மாஸ்டர் சக்கர நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. மகள் பின்னால் நாற்காலியைப் பிடித்திருந்தாள். லிஃப்ட் கதவு திறப்பதும், ஆட்களை விழுங்கிக்கொண்டு மூடுவதுமாக இருந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? சரி, போலாம்" என்றார். குரல் மைதானத்துக் குரல்தான், ஆனால் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

மகள் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. அக்கா நகரவில்லை. கதவு மூடியது. மகள் மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை மாஸ்டர் அழுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் பார்வை அக்காவின் காலில் இருந்தது. பந்தயக் கோட்டில் நிற்கிற பிள்ளைகளின் முட்டியைப் பார்த்தே யார் ஓடுவான், யார் நிற்பான் என்று சொல்லி வாழ்ந்தவர் அவர்.

"உனக்குப் பயம் போகல" என்றார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"போகல மாஸ்டர். போயிடுச்சுன்னு நம்பித்தான் சொன்னேன். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் சொல்ல வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

மகள் "அக்கா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கோபமும் அழுகையும் சேர்ந்திருந்தன. மாஸ்டர் தலையை ஆட்டினார். கோபப்படக்கூட இல்லை, அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"சரி, வீட்டுக்குப் போலாம். வண்டியக் கூப்பிடு" என்று மகளிடம் சொன்னார்.

"மாஸ்டர், இருங்க." அக்காவின் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. "நான் முதல்ல தனியாப் போயிட்டு வரேன். ஒன்பதாவது மாடி வரைக்கும் போய், இதே பெட்டியில திரும்பி வரேன். வந்தா நீங்க ஏறணும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா வீட்டுக்குப் போங்க."

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

கதவு திறந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, பயத்தை எடுக்க வேண்டாம், எடுக்காட்டிப் போகுது, நீர் மட்டும் பக்கத்தில வந்து உட்காரும் என்று வாய்விட்டே சொன்னாள். இவ்வளவு காலமும் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. கால் எழுந்தது. மனசிலிருந்து பயம் போய் எழவில்லை. பயத்தையும் தூக்கிக்கொண்டுதான் எழுந்தது. மூட்டையோடு படியேறிப் பழகிய கால்தானே.

கதவு மூடியது. இரும்புச் சுவர், பின்பக்கம் ஒரு கண்ணாடி, அதில் அவள் முகம். பெட்டி அசைந்து மேலே ஏறியது. அந்த வெல்வெட் துணியின் வாசனைகூட மூக்கில் வந்து நின்றது. அக்கா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "இருக்கீரா? இருக்கீரா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். பதிலாகக் குரல் எதுவும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு இருட்டில் கதவைத் தட்டியபோது இருந்த ஒன்று இன்றைக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் தனியாக இருந்தாள். இன்றைக்கு அந்தத் தனிமை இல்லை. இதை எப்படி விளக்குவதென்று அவளுக்கு இன்றும் தெரியாது.

ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. வெளிச்சம், காற்று, மருந்து வாடை. நேர் எதிரே படிக்கட்டுக் கதவு, அதுவும் பாதி திறந்தபடி. அக்காவின் கால் அந்தப் பக்கம் ஓர் அடி போயே விட்டது. இறங்கிப் போய்விடலாம். படிக்கட்டில் இறங்கி லிஃப்ட் பக்கத்திலிருந்து வந்தால் யார் கண்டார்கள் என்று ஒரு நினைப்புகூட வந்தது. கீழே ஒருவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பும் வந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "இறங்கலையா?"

"இல்லம்மா. கீழ போகணும்."

"அப்ப எதுக்கு மேல வந்தீங்க?"

"சும்மா" என்றாள் அக்கா. கதவு மூடிக்கொண்டது.

கீழே திறந்தபோது மாஸ்டர் சக்கர நாற்காலியில் இல்லை. எழுந்து, லிஃப்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். மகள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். மாஸ்டர் அக்காவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "தள்ளு" என்றார்.

மூன்று பேரும் உள்ளே இருக்கக் கதவு மூடியது. மாஸ்டர் ஒரு கையில் விசிலை இறுக்கிக்கொண்டார். இன்னொரு கையை நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாஸ்டர்."

"ஜெபம் பண்ணு. பயத்தைப் போகச் சொல்லி வேணாம். இப்ப என்ன பண்ணினியோ அதையே பண்ணு."

அவள் சத்தமாகவே ஜெபித்தாள். அது இரண்டே வரி. ஆமென் சொல்வதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் மாஸ்டர் விசிலை அவள் கையில் கொடுத்தார்.

"நீ சபையில இதைச் சொல்லத்தான் போறே, எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே. நானும் கேக்கணும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவர் சபைக்கு வரப் பல வாரங்கள் ஆயின. அதுவரை அக்கா விசிலைத் தன் தையல் பெட்டியில், கொக்கிகளோடு போட்டு வைத்திருந்தாள். வேலைக்குப் போகிற இடங்களில் சில நாள் லிஃப்டில் ஏறினாள். சில நாள் முடியாமல் படியில் போனாள். இரண்டையும் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அக்கா விசிலை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அக்காவின் கணவன் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டான். போதகர் வழக்கம்போலக் கேட்டார். அக்கா எழுந்தாள்.

"போன தடவ நான் சொன்ன சாட்சி தப்பு. என் பயம் போகல. இன்னிக்கு வரைக்கும் போகல. உங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன். ஆனா ஆண்டவர் கூட வரார். அதை மட்டும் நான் பார்த்துட்டேன்."

நர்ஸம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அக்காவுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. அப்போது நடுப் பெஞ்சிலிருந்து ஒரு பெரிய உருவம் மெதுவாக எழுந்தது. லாரி தம்பி.

"அக்கா, எனக்கும் நாய்ப் பயம் போகல. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு போயிடுச்சுன்னு சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். பரீட்சைக்காரப் பெண் கையை உயர்த்தினாள். பல் டாக்டர்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எனக்கும்தான்" என்றார். புதுப் பெண் மட்டும் பேசவில்லை. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. போதகரும் சிரித்துவிட்டார்.

கடைசிப் பெஞ்சில் மாஸ்டர் எழுந்து நிற்கிறார் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் சாட்சி சொல்லி யாரும் கேட்டதில்லை.

"எனக்கும் பெட்டின்னா பயம்தான்" என்றார். "இந்தம்மா தனியா மேல போயிட்டு வந்தா. கதவு திறந்தப்ப நான் அவ முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்ல. அதைப் பார்த்துத்தான் ஏறினேன். பயமில்லாத முகமா இருந்திருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். இந்நேரம் என்னைப் புதைச்சிருப்பீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கர்ட்டன் அக்கா நின்றபடியே அழுதாள். அவள் கணவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான், முதுகை நிமிர்த்தி வைத்தபடியே.